கையடக்கச் சிவப்பு லேசர்: முதன்முறையாகக் கட்டுபவருக்கான வழிகாட்டி

வீட்டிலேயே ஒரு கையடக்க லேசரைக் கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் வலு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, கதிரை உமிழும் டயோட்டினூடாக எத்தனை மில்லியம்பியர் மின்னோட்டம் செல்கிறது, அது எவ்வளவு நிலையாகச் செல்கிறது என்று கேட்கப் பழகுவதே இந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்கான நேர்வழி என்பது என் உறுதியான கருத்து. புதிதாகக் கட்டியவர் திருத்தித் தருமாறு கொண்டுவரும் லேசர்களில் மிகுதியானவை மின்னோட்டத்தாலோ வெப்பத்தாலோ தளர்ந்த இணைப்பாலோ பழுதானவையே. ஆகவே இந்தக் கட்டுரை 650 நானோமீற்றர் அலைநீளமும் 5 மில்லிவாற்றுக்கு மேற்படாத வலுவும் கொண்ட ஒரு சிவப்பு லேசரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கட்டும் முறையையும், கட்டியபின் வரும் கோளாறுகளைக் கண்டறியும் முறையையும் விளக்குகிறது.

கண்ணைப் பற்றி முதலில்

லேசர்க் கதிர் பெரிதும் விரியாமல் வருவதால், கண்ணின் வில்லை அதை விழித்திரையில் மிகச் சிறிய புள்ளியாகக் குவித்துவிடுகிறது. கண்மணியின் வாயிலில் இருந்த ஒளிச்செறிவு விழித்திரையை அடையும்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்காகப் பெருகுகிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்குவதைப் போன்ற செயல்தான் அது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாதபடியால், காயம் பட்டவர் அதை அந்த நேரத்தில் உணராமலும் போகலாம்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60825 நியமம் லேசர்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் தொடர் ஒளியைப் பொறுத்தவரை, 1 மில்லிவாற்றுக்கு உட்பட்டவை 2ஆம் வகுப்பு, 5 மில்லிவாற்றுக்கு உட்பட்டவை 3ஆர் வகுப்பு, 500 மில்லிவாற் வரையானவை 3பி வகுப்பு, அதற்கும் மேற்பட்டவை 4ஆம் வகுப்பு. கூசும் ஒளியைக் கண்டு கண் மூடிக்கொள்ள எடுக்கும் கால் வினாடிக்குள் தீங்கு நேராது என்ற கணக்கிலேயே 2ஆம் வகுப்பின் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. நாம் கட்டப்போவது 3ஆர் வகுப்பைச் சேர்ந்தது. எனவே இமை தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிக் கதிருக்குள் பார்ப்பதற்கு இதில் இடமே இல்லை.

பழைய டிவிடி எழுதும் கருவியைக் கழற்றி அதன் டயோட்டைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சிவப்பு டயோட்டுகள் நூறு மில்லிவாற்றையும் தாண்டக்கூடிய 3பி வகுப்பினவை. கண்ணாடி போன்ற பளபளப்பான பரப்பில் பட்டுத் தெறிக்கும் பிரதிபலிப்புக்கூட அவற்றில் ஆபத்தானது. சிடி வாசிக்கும் கருவியின் டயோட் 780 நானோமீற்றரில் ஒளிர்வதால் அதன் கதிர் கண்ணுக்குப் பெரிதும் புலப்படாது, கண் சிமிட்டவும் மாட்டாது. இரண்டையும் முதல் வேலைக்குத் தொடவே வேண்டாம். கடையில் கிடைக்கும் மலிவான பச்சை லேசர்களும் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையை நம்பி வாங்கத்தக்கவை அல்ல. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனம் 122 கையடக்க லேசர்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பச்சை லேசர்களில் 90 வீதத்துக்கு நெருக்கமானவையும் சிவப்பு லேசர்களில் ஏறத்தாழ 44 வீதமானவையும் அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கவில்லை. பச்சை லேசருக்குள் 808 நானோமீற்றர் டயோட் ஒரு பளிங்கை ஊட்ட, அது 1064 நானோமீற்றரில் ஒளிர, இன்னொரு பளிங்கு அதை 532 நானோமீற்றர் பச்சையாக மாற்றுகிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடியை மலிவுக்காக விட்டுவிட்டால், பச்சையோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத கதிரும் வெளியேறும்.

வாங்க வேண்டியவை

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் அதை அண்டிய இலத்திரனியல் கடைகளிலும் லேசர் டயோட்டைத் தவிர மற்ற அனைத்தையும் சிரமமின்றிப் பெறலாம். டயோட்டை வாங்கும்போது, 5.6 மில்லிமீற்றர் உறையுள்ள 650 நானோமீற்றர், 5 மில்லிவாற் டயோட் என்று தெளிவாகக் கேளுங்கள். அதன் தரவுத்தாள் கிடைக்காவிட்டால் வாங்க வேண்டாம். மூன்று கால்களில் எது எது என்பதும், ஒளிரத் தொடங்கும் மின்னோட்டமும், மீறக்கூடாத மின்னோட்டமும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன, அவற்றை ஊகிக்க முடியாது. அந்த அளவு டயோட் பொருந்தும் 12 மில்லிமீற்றர் பித்தளைக் கூடும், வில்லையும் சேர்ந்து வந்தால் நல்லது.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எல்எம்317 என்னும் சீராக்கி ஒன்று. 68, 56, 47 ஓம் தடையிகள் கால் வாற் அளவில் ஒவ்வொன்று. சோதனைக்கு ஒரு 10 ஓம் தடையி. மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் 1என்4007 என்னும் சாதாரண டயோட்டுகள் நான்கு. மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று. 9 வோல்ற் சதுரப் பற்றரியும் அதன் தொப்பியும். அழுத்தும்போது மட்டும் இணையும் பொத்தான் ஆளி ஒன்று. கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. ஆளியைத் தெரிவதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தட்டிவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும் ஆளியை இதற்குப் பொருத்தக்கூடாது. விரலை எடுத்த கணமே கதிர் அணைய வேண்டும்.

சுற்றைக் கட்டுதல்

எல்எம்317 தன் வெளியீட்டுக் காலுக்கும் சீர்செய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ற்றை நிலைநிறுத்த முயலும். அவ்விரு கால்களுக்கும் இடையில் ஒரு தடையியை வைத்தால், 1.25ஐ அந்தத் தடையால் வகுக்கும் அளவான மின்னோட்டம் மாறாமல் ஓடும். 68 ஓம் வைத்தால் 18.4 மில்லியம்பியர், 56 ஓம் வைத்தால் 22.3, 47 ஓம் வைத்தால் 26.6. முழுச் சுற்றும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது. உங்கள் டயோட்டின் தாளில் உள்ள எண்களோடு இவற்றை ஒப்பிட்டு, 5 மில்லிவாற்றுக்கான மின்னோட்டத்தைத் தாண்டாத தடையியிலேயே நின்றுகொள்ளுங்கள்.

எழுத்துகள் உங்களை நோக்கி இருக்க, கால்கள் கீழ்நோக்கி இருக்க, பெரிய உறையுள்ள எல்எம்317இன் கால்கள் இடமிருந்து வலமாகச் சீர்செய் கால், வெளியீடு, உள்ளீடு என்ற வரிசையில் அமைகின்றன. பற்றரியின் நேர் முனையிலிருந்து பொத்தான் ஆளிக்கும், அங்கிருந்து ஒரு 1என்4007 ஊடாக உள்ளீட்டுக் காலுக்கும் கம்பி செல்ல வேண்டும். இந்த 1என்4007 அவசியமானது. 9 வோல்ற் பற்றரியின் தொப்பி கைதவறித் தலைகீழாக ஒரு கணம் தொட்டாலே போதும், பின்னோக்கிய 2 வோல்ற் அளவையே தாங்கக்கூடிய லேசர் டயோட் அழிந்துவிடும். வெளியீட்டுக் காலுக்கும் சீர்செய் காலுக்கும் இடையில் 68 ஓம் தடையியைப் பொருத்துங்கள். சீர்செய் காலிலிருந்து புறப்படும் கம்பியே லேசர் டயோட்டின் நேர் முனைக்குச் செல்வது. டயோட்டின் எதிர் முனை பற்றரியின் எதிர் முனைக்குத் திரும்புகிறது. லேசர் டயோட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே 10 மைக்ரோபரட் கொள்ளளவி வருகிறது, அதன் துருவத்தைப் பார்த்துப் பொருத்துங்கள்.

லேசர் டயோட்டை இப்போது இணைக்க வேண்டாம். அது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று 1என்4007 டயோட்டுகளைத் தொடராக வைத்து, அவற்றோடு 10 ஓம் தடையியையும் தொடராகச் சேருங்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 2.1 வோல்ற் எடுத்துக்கொள்வதால், 2.2 வோல்ற் அளவில் இயங்கும் சிவப்பு லேசர் டயோட்டுக்கு நல்ல மாற்றாள் அவை. பொத்தானை அழுத்தி, 10 ஓம் தடையியின் குறுக்கே மல்டிமீற்றரை வையுங்கள். 184 மில்லிவோல்ற் காட்டினால் 18.4 மில்லியம்பியர் ஓடுகிறது என்று பொருள். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி எண் நகர்கிறதா என்று பாருங்கள். பெட்டியை இலேசாகத் தட்டிப் பாருங்கள். பழைய பற்றரி ஒன்றை மாட்டியும் பாருங்கள். இத்தனைக்கும் எண் அசையாமல் நின்றால்தான் அந்தச் சுற்று டயோட்டுக்குத் தகுதியானது.

டயோட்டைப் பொருத்துதல்

இந்த வேலையில் மிக அதிகமான டயோட்டுகள் சாகும் இடம் இது. மாற்றாளைக் கழற்றியபின், வெளியீட்டில் உள்ள கொள்ளளவி மின்னேற்றத்தோடு இருக்கும். சுமை இல்லாத நிலையில் பொத்தானைத் தவறி அழுத்தியிருந்தால், அது பற்றரியின் அளவை அண்டிய வோல்ற்றளவுக்கு ஏறியிருக்கும். அந்த நிலையில் லேசர் டயோட்டைத் தொட்டால், சேர்ந்திருந்த ஏற்றம் முழுவதும் ஒரே கணத்தில் அதனுள் பாயும். ஆகவே பற்றரியைக் கழற்றிவிட்டு, கொள்ளளவியின் இரு கால்களையும் ஒரு கம்பியால் தொடுத்து, சில வினாடிகள் அப்படியே பிடித்திருங்கள். இதே காரணத்தால், சீராக்கிக்கும் லேசர் டயோட்டுக்கும் இடையில் ஆளியையோ கழற்றிப் பூட்டும் இணைப்பையோ எக்காலத்திலும் வைக்கக்கூடாது. அந்த இடத்தில் தொடுகை ஒரு கணம் விட்டு மீண்டும் பட்டாலே, கொள்ளளவி தன் வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது நிலைமின். கொழும்பின் ஈரப்பதன் மிக்க காற்றில் நிலைமின் குறைவுதான், ஆனால் குளிரூட்டி ஓடும் அறையில் காற்று உலர்ந்துபோவதால் அந்த நம்பிக்கை பொருந்தாது. மணிக்கட்டுப் பட்டி இருந்தால் அணியுங்கள், சோல்டரிங் அயனின் மூன்றாவது முனை நிலத்தோடு சரியாக இணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். டயோட்டை உறையிலிருந்து எடுத்ததும், மின்கம்பி ஒன்றை உரித்துப் பெற்ற தலைமுடி அளவான செப்பு இழையை அதன் மூன்று கால்களையும் சுற்றி இரண்டு மூன்று வளையமாகக் கட்டிவிடுங்கள். மூன்று கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்வரை நிலைமின் உள்ளே பாயாது. பித்தளைக் கூட்டுக்குள் டயோட்டை நேராக அழுத்திப் பொருத்தி, கம்பிகளுக்கு ஈயம் வைத்து முடிந்ததும் கடைசியாக அந்த இழையை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் அயனை வைத்திருக்க வேண்டாம்.

சில டயோட்டுகளில் உலோக உறையே ஒரு முனையோடு இணைந்திருக்கும். எந்த முனை என்பதைத் தாளில் பார்த்து, பித்தளைக் கூடு வேறெந்த உலோகத்தையும் தொடாதவாறு பெட்டியில் அமர்த்துங்கள். பழைய முள் மீற்றரின் ஓம் அளவையால் டயோட்டைச் சோதிக்க முயல வேண்டாம். அதன் மிகத் தாழ்ந்த அளவை, டயோட் தாங்கக்கூடியதைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தவல்லது.

முதன்முறை ஒளிரச் செய்யும்போது, பெட்டியை மேசையில் அசையாமல் இறுக்கி, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளை எதிரே நிறுத்தி, கதிர் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே செல்லுமாறு அமையுங்கள். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவைத்துவிட்டு, அறையில் வேறு எவரும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுத்துங்கள். 68 ஓமில் பல டயோட்டுகள் மங்கலான, மாவு பூசியதுபோல ஒரேசீரான சிவப்பு வட்டத்தை மட்டுமே காட்டும். தாளில் உள்ள எண்கள் இடங்கொடுத்தால், பற்றரியைக் கழற்றி, கொள்ளளவியை வெறுமையாக்கி, 56 ஓமுக்கு மாற்றுங்கள். இப்போது அந்தச் சிவப்பு திடீரெனக் கூர்மையாகி, தாளின் மேல் மணல் தூவியதுபோல நுண்ணிய பொட்டுகள் மின்னும், தலையை இலேசாக அசைத்தால் அந்தப் பொட்டுகளும் ஊரும். அந்தப் பொட்டுகள்தான் லேசர் ஒளியின் அடையாளம். அவை தெரியாத வரையில் உங்கள் கையில் இருப்பது வெறும் சிவப்பு விளக்குத்தான்.

கோளாறுகளைக் கண்டறிதல்

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அளக்க வேண்டியது ஒன்றே: எல்எம்317இன் வெளியீட்டுக் காலுக்கும் சீர்செய் காலுக்கும் இடையிலான வோல்ற்றளவு. அங்கே 1.25 இருந்தால் சரியான மின்னோட்டம் ஓடுகிறது, ஆகவே குறை டயோட்டிலோ அதற்குப் பின்னாலோதான் இருக்கிறது. பூச்சியமாக இருந்தால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது உள்ளீட்டுக்கே மின் வரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணாக இருந்தால், சீராக்கிக்குப் போதிய வோல்ற்றளவு கிடைக்கவில்லை. டயோட்டின் 2.2, தடையியின் 1.25, சீராக்கி தனக்கென எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ 2, பாதுகாப்பு டயோட்டின் 0.7 என எல்லாம் கூட்டினால் 6 வோல்ற்றைத் தாண்டுகிறது. பேனா அளவுப் பற்றரிகள் நான்கை வைத்துக் கட்டியவர்களின் லேசர் சில நாட்களிலேயே மங்குவதற்குக் காரணம் இதுதான். சுமை இல்லாமல் அளந்தால் பற்றரி நலமாகவே தெரியும், ஆகையால் பொத்தானை அழுத்திய நிலையில்தான் அதை அளக்க வேண்டும்.

மின்னோட்டம் சரியாக இருக்க, முன்பு பொட்டுகளோடு ஒளிர்ந்த டயோட் இப்போது மங்கிய சிவப்பாக மட்டும் ஒளிர்ந்தால், அதன் ஒளி வெளிவரும் முகப்பு கருகிவிட்டது. அதை உயிர்ப்பிக்க வழியில்லை. மின்னோட்டத்தை ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும்; வேண்டாம். புதிய டயோட்டைப் பொருத்துமுன், பழையது ஏன் செத்தது என்பதை மாற்றாளை வைத்து அளந்து கண்டுபிடியுங்கள், இல்லையேல் புதியதும் அதே வழியில் போகும்.

தொடக்கத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, சில நிமிடங்களில் மங்கி, ஆறவிட்டால் மீண்டும் பளிச்சிடுமானால் காரணம் வெப்பம். டயோட் சூடேறச் சூடேற லேசராக ஒளிரத் தேவையான மின்னோட்டம் உயர்கிறது, நாம் கொடுப்பதோ மாறாத மின்னோட்டம். பகல் வெப்பநிலை 30 பாகையை எட்டும் நகரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. பித்தளைக் கூட்டை ஓர் அலுமினியத் துண்டில் துளையிட்டு, வெப்பப் பசை பூசி இறுக்கமாகச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உறை மின்முனையோடு இணைந்த டயோட்டாக இருந்தால், அந்த அலுமினியமும் வேறெதையும் தொடாமல் தனித்து நிற்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் லேசரை விட்டுச்செல்லாதீர்கள்.

கையை அசைக்கும்போது ஒளி விட்டுவிட்டு வருமானால் பற்றரித் தொப்பியையும் ஆளியையும் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, மட்டக்குளி போன்று கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று சில மாதங்களிலேயே தொடுமுனைகளில் பச்சை படியச் செய்துவிடுகிறது. பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்தால் போதும். தொப்பி தளர்ந்திருந்தால் புதியதையே மாற்றுங்கள், நெளித்துச் சரிசெய்த தொப்பி நிலைப்பதில்லை.

புள்ளி வட்டமாக வராமல் நீள்வட்டமாக வருவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். டயோட்டின் ஒளி ஒரு திசையில் மறுதிசையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமாக விரிவது அதன் இயல்பு. புள்ளியைச் சுற்றி வளையங்களோ புகைபோன்ற படலமோ தெரிந்தால் வில்லை அழுக்கடைந்திருக்கிறது, மழைக்காலமாயின் பூஞ்சணமும் பிடித்திருக்கலாம். பிளாஸ்டிக் வில்லையை அசற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியால் துடைத்தால் அது வெளிறிப் பாழாகிவிடும். வில்லைத் தாளில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் அற்ககோல் இட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். குவியம் தானே நழுவினால், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவில் ஒரு சிறு துண்டைப் புரியில் சுற்றித் திருகினால் இறுகி நிற்கும். பயன்படுத்தாத நாட்களில் பற்றரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில், சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கே பயன்படுத்துவது

வீட்டுக்கு வெளியே இதைக் கொண்டுசெல்லத் தேவையில்லை என்பதே என் நிலைப்பாடு. இரத்மலானையிலும் கட்டுநாயக்கவிலும் இறங்கும் விமானங்கள் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாழ்வாகக் கடக்கின்றன. இருளுக்குப் பழகிய விமானியின் கண்ணை 5 மில்லிவாற் கதிரே கூசவைத்துவிடும், அதுவும் தரையிறங்கும் நேரத்தில். காலிமுகத்திடலின் கூட்டத்திலும், வீதியில் செல்லும் வாகனங்கள் மீதும், கண்ணாடி முகப்புள்ள கட்டிடங்கள் மீதும் கதிரைச் செலுத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கதிர் எவருடைய கண்ணிலாவது பட்டு, அதன்பின் பார்வையில் கரும்புள்ளியோ மங்கலோ விலகாமல் நின்றால், தாமதிக்காமல் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அறைக்குள்ளேயே இதைக்கொண்டு செய்யத்தக்கவை ஏராளம். தலைமுடி ஒன்றை அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, அதன்மீது கதிரைச் செலுத்தி, 2 மீற்றர் தொலைவில் உள்ள வெள்ளைத் தாளில் விழும் இருண்ட பட்டைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். அலைநீளத்தைத் தொலைவால் பெருக்கி, அந்தத் தூரத்தால் வகுத்தால் முடியின் தடிப்பு கிடைக்கும். பட்டைகள் 18.6 மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தால் முடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அளவுகோலை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பொத்தானை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.